லாபம், ரெண்டு, மூணு

1986-ல் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். என் புண்ணியத்தில் 160 மூட்டை நூலை ஒரு லாரியிலிருந்து இறக்கி, எண்ணி, மறுபடி ஏற்றினார்கள். மணி ராத்திரி பதினொன்று.

இடம், வடமதுரைக்கும் வேடசந்தூருக்கும் நடுவே ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு மில் காம்பவுண்டுக்குள்தான் விழும். எதுவென்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை. எனக்கு வயசு 21. அப்பா குடைப்பாறைப்பட்டியில் ஒரு பூட்டுப் பட்டறையில் அரத்தோடு குந்தியிருந்தவர். ராவி ராவி விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போனவர். "நீயாவது பேனா புடி" என்று யார் யாரையோ பார்த்து எனக்குக் குடோன் கிளார்க் வேலை வாங்கித் தந்தார். லோடுமேன்களுக்கு நான் கணக்குப்பிள்ளை.

வேலை ரொம்ப சுளுவு. லாரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். முதுகில் ஐம்பது கிலோ மூட்டையோடு ஆள் கடக்கும்போதெல்லாம் மேஸ்திரி சத்தமாக எண்ணுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் ஒரு கோடு. நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. முடிந்ததும் கட்டுகளைக் கூட்டி, மேஸ்திரி கணக்கோடு ஒத்துப் பார்த்து, சலானில் எழுதிக் கையெழுத்து.

சலானில் 160. மேஸ்திரி வாயில் 160. என் நோட்டில் 159.

சூப்பர்வைசர் என்னைப் பார்க்கவில்லை, லோடுமேன்களைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு மூட்டை என்றால் அவர்களுக்குப் பல மாசக் கூலி. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுப் பதினாலு பேரும் ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் மூட்டைகளை இறக்கினார்கள். இறக்கியதை சூப்பர்வைசரே தொட்டுத் தொட்டு எண்ணினார். 160. ஏற்றும்போது நான் மறுபடி கோடு போட்டேன். 159.

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி, மொதல்ல நான் என்ன சொன்னேன்?"

"ரெண்டுன்னு ஆரம்பிச்சீங்கண்ணே."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி லாபம்னு சொன்னீங்க. சாமி கும்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

பதினாலு பேரும் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். களத்துமேட்டில் மரக்கால் வைத்து அளப்பவர் 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்றுதான் தொடங்குவார் என்பது நெல் விளைகிற ஊர்க்காரனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அரிசி கடையிலிருந்து எடை போட்டு வந்தது. அப்பா பட்டறையில் கணக்கு டஜனில். லாபம் என்ற எண்ணை நான் கேட்டதே இல்லை. அப்பா தொழிலில் லாபம் என்ற பொருளையும் கேட்டதில்லை.

அன்றிலிருந்து மில்லில் என் பெயர் லாபம். 37 வருஷம். பணிநிறைவுப் பாராட்டு விழாவில் பெர்சனல் மேனேஜர் என் நிஜப் பெயரைச் சொன்னபோது, பின்வரிசையில் "யாருப்பா அது?" என்று ஒருவர் கேட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் எண்ணுவதற்கு இருந்த எந்திரம் அவ்வளவுதான்: ஒரு வாய், ஒரு காது, ஒரு பென்சில். மூன்றில் ஒன்று பிசகினால் லாரியை இறக்க வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்கிற என் வயசுக்காரர்களோடு நான் சேர மாட்டேன். குடோனில் எந்த லாட் எந்த வரிசையில் இருக்கிறது என்பது மேஸ்திரி மண்டைக்குள் இருந்தது. அவர் நத்தம் மாரியம்மன் திருவிழாவுக்கு லீவு போட்டால் மில்லின் சரக்கும் கூடவே லீவு. ஒருமுறை ஆறு மூட்டை நாலு மாசம் காணாமல் போய், கழிவுப் பஞ்சுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அதில் ஒரு மூட்டைக்குள் எலி குடும்பம் நடத்தி முடித்திருந்தது. எல்லா மூட்டையிலும் தகரத் தகட்டை வைத்து மை தடவி லாட் நம்பர் அடிப்போம். மழைக்காலத்தில் 3 எது 8 எது என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்.

லாரி கேட்டைத் தாண்டிவிட்டால் அது ஆண்டவன் பொறுப்பு. பிவண்டிக்கோ இச்சல்கரஞ்சிக்கோ போகிற வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டால் புக்கிங் ஆபீஸ்காரர் "போய்க்கிட்டே இருக்குங்க" என்பார். அது பொய்யாகவே இருக்க முடியாத பதில். அங்கிருந்து பார்ட்டி டிரங்க் கால் போட்டுக் கத்துவார். இங்கிருந்து நாங்கள் "போய்க்கிட்டே இருக்குங்க" என்பதை இந்தியில் சொல்வோம். நாலு நாள் தாமதத்துக்கு அச்சு முறிந்தது காரணம் என்று டிரைவர் எழுதிக் கொடுத்த கடிதம், அய்யலூரில் அவருடைய மாமனார் வீட்டிலிருந்து வந்த கதையும் உண்டு. கொய்யாப்பழமும் கூடவே வந்தது.

இன்றைக்கு அந்த மாமனார் வீட்டுக்குப் போக முடியாது. லாரியின் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேக் காட்டிக்கொடுத்துவிடும். கொடைரோட்டில் ஒரு 'பீப்', எலியார்பத்தியில் ஒன்று, புதூர் பாண்டியாபுரத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓனர் போனில் ஒரு மெசேஜ். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சுமார் 200 கிலோமீட்டரில் டிரைவர் எங்கே டீ குடித்தார் என்று அதற்குத் தெரியாதுதான். ஆனால் எவ்வளவு நேரம் குடித்தார் என்று இரண்டு பீப்புக்கு நடுவே கழித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் இல்லாவிட்டால் இரட்டைக் கட்டணம் என்று ஆனபோது அதை ஒட்டிக்கொண்டவர்கள் பலர் அது என்னவென்று கேட்கவில்லை. ரேடியோ அலையால் படிக்கப்படும் சில்லு, ஆர்.எஃப்.ஐ.டி. உள்ளே பேட்டரி கிடையாது. வாசலில் இருக்கும் ஆன்டெனா அலையை வீசுகிறது. சில்லு அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு, தன் எண்ணை அதே அலையில் திருப்பி அனுப்புகிறது. கூப்பிட்டவன் செலவிலேயே பதில் பேசுகிற ஆள். மிஸ்டு கால் கொடுத்துப் பழகின நமக்குப் புரியாதா? இந்தியாவில் இதற்கு விட்டிருக்கிற அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். பார்கோடு என்றால் முகத்தைக் காட்ட வேண்டும், ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். இதற்கு முகம் வேண்டாம். மூடி வைத்திருந்தாலும், மூட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும், நூறு பேர் ஒன்றாக வந்தாலும் பேர் சொல்லும்.

சரக்கில் இதை ஒட்டும் எண்ணம் பிறந்த கதை ஒன்று சொல்வார்கள். கெவின் ஆஷ்டன் என்று ஒருவர் இங்கிலாந்தில் பிராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியில் இருந்தார். ஒரு குறிப்பிட்ட பழுப்பு நிற லிப்ஸ்டிக் கடை அலமாரிகளில் எப்போது பார்த்தாலும் தீர்ந்துபோயிருந்ததாம். குடோனில் இருக்கிறது, அலமாரியில் இல்லை. நமக்கும் அதே வியாதிதான், நமக்கு எலி, அவருக்கு லிப்ஸ்டிக். அந்த எண்ணத்தைச் செயலாக்க 1999-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆட்டோ-ஐடி மையம் அமைந்தது. ஒரு சில்லை 5 சென்ட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கனவு. 2003-ல் வால்மார்ட் ஒரு குண்டு போட்டது: 2005 ஜனவரிக்குள் தன் பெரிய சப்ளையர்கள் 100 பேரும் பேலட்டிலும் பெட்டியிலும் சில்லு ஒட்டி அனுப்ப வேண்டும். சப்ளையர்கள் முனகிக்கொண்டே ஒட்டினார்கள். பேலட்டில் அது நினைத்த வேகத்தில் ஓடவில்லை. கடைசியில் துணிமணியில்தான் வேர் பிடித்தது. டெகத்லான் கடையில் எடுத்த சட்டையையெல்லாம் ஒரு தொட்டியில் கொட்டினால் பில் வந்து நிற்கிறதே, அதுதான். நூலாக இருந்தபோது நாங்கள் கோடு போட்டு எண்ணியது, சட்டையான பிறகு தன்னைத்தானே எண்ணிக்கொள்கிறது.

எங்கள் மில்லுக்குச் சில்லு வருவதற்கு வெகுகாலம் முன்பே பேலட் வந்தது. லோடுமேன்கள் அதைப் பலகை என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். கோன்களை அட்டை வைத்து அடுக்கடுக்காகப் பலகையில் ஏற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றினால், ஒரு பலகையில் அரை டன்னுக்கு மேல் நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் இரண்டு கையை அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகும். பதினாலு பேர் கேங்கு இரண்டே வருஷத்தில் நாலு பேராயிற்று. சில்லும் கம்ப்யூட்டரும் வந்து ஆள் வேலையைப் பிடுங்கிவிட்டன என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை, எங்கள் குடோனில் ஆளை வீட்டுக்கு அனுப்பியது ஆணியடித்த நாலு மரச்சட்டம். சில்லு வந்தபோது அனுப்புவதற்கு ஆளே மிச்சமில்லை.

பலகைக்குக் கிடைக்கிற மரியாதை வேறு. வெளிநாடு போகும் மரப்பலகை சும்மா போக முடியாது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷமாவது இருந்திருக்க வேண்டும், பூச்சி புழு செத்திருக்க வேண்டும் என்பது உலக ஒப்பந்தம். சூடு காட்டிய மரத்தில் கோதுமைக் கதிர் படமும், நாட்டின் குறியீடும், எச்.டி. என்ற எழுத்தும் சுட்டுப் பதித்திருக்கும். முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்த எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. என் கைவழியாகப் போன ஒவ்வொரு பலகைக்கும் உண்டு.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடோன் கதவில் தொங்கியது எங்கள் ஊர் மாங்காய் பூட்டு. கையால் அடித்து, கையால் ராவி, லீவர் லீவராகக் கோத்த பூட்டு. சாவி இரண்டு, ஒன்று மேனேஜரிடம், ஒன்று சூப்பர்வைசரிடம். அதை அப்பா செய்தாரா, பக்கத்துப் பட்டறையில் செய்தார்களா என்று அவருக்கே தெரியாது. ஆனால் திறக்கும் சத்தத்தைக் கேட்டு எத்தனை லீவர் என்று சொல்வார். சாவியைத் திருப்பினால் மணியடிக்கிற பூட்டுகூட எங்கள் ஊரில் செய்திருக்கிறார்கள். இன்றைய பீப்புக்கு அது பாட்டன்.

எக்ஸ்போர்ட் கன்டெய்னர் மில்லுக்குள் வந்து நூல் ஏற்றிய காலத்தில், அதிகாரி ஒருவர் வந்து முன்னால் நின்று சீல் வைக்க வேண்டும். அவர் வரும்வரை கன்டெய்னர் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். நாங்கள் வடையும் காபியும் வைத்துக்கொண்டு நிற்போம். 2017-ல் அதை மாற்றினார்கள். ஏற்றுமதி செய்கிறவரே சீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு பொதிந்த போல்ட் சீலாக இருக்க வேண்டும். கட்டைவிரல் தடிமனில் ஒரு இரும்புக் குச்சி, அதன் வாயில் கவ்விக்கொள்ளும் ஒரு குமிழ். அழுத்தினால் 'டக்'. அவ்வளவுதான். சீல் நம்பர், கன்டெய்னர் நம்பர், லாரி நம்பர், பூட்டிய நேரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். துறைமுகத்தில் சுங்கத்துறைக்காரர் கையில் இருக்கும் ரீடரைக் காட்டினால் சீல் தன் நம்பரைச் சொல்லும். நடுவழியில் யாராவது கைவைத்திருந்தால் காட்டிக்கொடுக்கும்.

வீணாய்ப்போன சீல் ஒன்றை அப்பாவுக்குக் காட்டலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருக்கு எண்பதைத் தொட்ட வயசு. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"சாவி எங்கடா?"

"சாவி கிடையாதுப்பா. போய்ச் சேர்ற ஊர்ல கட்டர் போட்டு வெட்டி எடுத்துருவாங்க."

"மறுபடி?"

"மறுபடி கிடையாது. ஒரு தடவைதான்."

சீலை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அப்ப இது ஆணிடா. பூட்டுன்னு ஏன் சொல்றே?"

பிற்பாடு படித்தபோது எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. இந்தச் சில்லின் முன்னோர்களில் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கிய சார்லஸ் வால்டன் என்ற அமெரிக்கர், 1973-ல் அதைச் செய்ததே சாவி இல்லாமல் கதவுப் பூட்டைத் திறப்பதற்குத்தான். அந்த உரிமையை அவர் கொடுத்ததும் ஷ்லேகே என்ற பூட்டுக் கம்பெனிக்கு. அந்த வருஷம் அப்பா திண்டுக்கல்லில் அரம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிழைப்பைக் கெடுத்தது அமெரிக்காவின் ரேடியோ அலை என்று சொல்ல ஆசைதான், கதைக்கு எடுப்பாக இருக்கும். உண்மையில் கெடுத்தது அலிகாரிலிருந்து மெஷினில் செய்து வந்த மலிவுப் பூட்டு. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பாவிடம் பேப்பரைப் படித்துக் காட்டினேன். "யாராவது ஆர்டர் குடுத்தானாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. பூட்டுக்கும் இந்தச் சில்லுக்கும் ஒத்தே வராது. இரும்பு, பித்தளை என்று எந்த உலோகத்தின் மேல் சாதாரண சில்லை ஒட்டினாலும் அலை எகிறி அடித்துவிடும், சில்லு ஊமையாகிவிடும். உலோகத்துக்கென்றே இடையில் மெத்தை வைத்துச் செய்த சில்லு தனியாக உண்டு, விலையும் தனி. சரி, எங்கள் மாவட்டத்தின் அடுத்த சரக்கைப் பார்ப்போம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி, முருங்கை, கத்தரி என்று கேரளாவுக்கு லாரி லாரியாக ஏறுகிறது. காய்கறி என்றால் முக்காலே மூணுவீசம் தண்ணீர். தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். நடுக்கூடைச் சில்லு கூப்பிட்டால் கேட்காது. நிலக்கோட்டைப் பூவும் ஈரம். ஊர் பேர் சொன்னால் நினைவுக்கு வருகிற எதற்கும் உபயோகப்படாத தொழில்நுட்பம், வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவே தெரியாத எங்கள் நூலுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது. காய்ந்த பஞ்சு, காய்ந்த அட்டை, காய்ந்த மரம். அலை நுழைந்து போய்வரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் இருக்கும்போது டெஸ்பாட்ச் வாசலில் அதை மாட்டினார்கள். இரண்டு பக்கமும் தட்டு மாதிரி ஆன்டெனா, மேலே ஒரு டிவி. ஒவ்வொரு பலகைக் காலிலும் ஒரு ஸ்டிக்கர். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே நுழைந்ததும் திரையில் லாட் நம்பர், கவுண்ட், எடை எல்லாம் வந்து நிற்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் பையன், "இனிமே யாரும் எண்ண வேண்டாம் சார்" என்றான். நான் மேஸ்திரியைப் பார்த்தேன்.

ஆமாம், அதே மேஸ்திரி. கேங்கு கலைந்தபிறகு அவரை வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார்கள். எழுபது வயசு. காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் துண்டு தோளில்தான் இருக்கும். டெஸ்பாட்ச் வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

முதல் பத்து நாள் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பதினோராம் நாள் ஒரு கன்டெய்னர். இருபது பலகை. ஏற்றி, கதவைச் சாத்தி, போல்ட் சீல் அடித்து, ரிப்போர்ட்டை எடுத்தால் 21. இன்வாய்ஸில் 20. ஒரு பலகை நூலை யாருக்கோ இனாமாக அனுப்பிவிட்டோமா? கதவைத் திறந்து பார்க்கலாம் என்றால் சீலை வெட்ட வேண்டும். வெட்டினால் புது சீல், புது நம்பர், எல்லாக் காகிதமும் முதலிலிருந்து. மேனேஜர் முகத்தில், 1986-ல் சூப்பர்வைசர் முகத்தில் பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை அது பட்டது ஃபோர்க்லிஃப்ட் பையன் மேல்.

"இருபதுதான் போச்சு," என்றார் மேஸ்திரி, உட்கார்ந்த இடத்திலிருந்து.

"நீங்க எண்ணுனீங்களா?"

"எண்ணாம எப்படி இருக்குறது? கண்ணு முன்னால போகுதுல்ல."

லாரி எடைமேடையில் ஏறியது. காலி எடையைக் கழித்தால் இருபது பலகைக்கான எடை, கிலோ சுத்தம். லாரி கிளம்பியது. பையன் தப்பித்தான். ஆனால் மெஷின் ஏன் 21 என்றது? மறுநாள் கன்டெய்னருக்குச் சரியாக 20. அதற்கு அடுத்ததற்கு 21. பிறகு இரண்டு நாள் 20. கோயம்புத்தூர் பையன் லேப்டாப்போடு வந்து ஒருநாள் முழுக்க உட்கார்ந்தான். அவன் இருந்த அன்று அது ஒரு தப்புக்கூடப் பண்ணவில்லை. ஆன்டெனாவின் பவரைக் குறைத்தான், கூட்டினான், கோணத்தைத் திருப்பினான், பில் போட்டுவிட்டுப் போனான். அடுத்த நாள் 21.

கண்டுபிடித்தது யார் என்றால் டீக்கடைக்காரர்.

பதினோரு மணிக்கு டீ கொண்டுவருகிற ஆள் அன்று வரவில்லை. மேஸ்திரி எழுந்து கேட்டுப் பக்கம் டீ குடிக்கப் போனார். அவர் எழுந்ததுதான் தாமதம், திரையில் ஒரு எண் கூடியது. நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். "அண்ணே, வந்து உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். "எந்திரிங்க." எழுந்தார். "உட்காருங்க."

"என்னடா லாபம், தோப்புக்கரணமா போடச் சொல்றே?" என்றார்.

அவர் உட்கார்ந்திருந்தது ஒரு பலகை. ஒரு கால் முறிந்ததால் கழித்துப் போட்டது. சுவரோரமாகச் சாய்ந்து கிடந்ததை அவர் எடுத்து, முட்டுக் கொடுத்து, சாக்கு விரித்து ஆசனமாக்கிக்கொண்டார். ஸ்டிக்கர் அதன் காலிலேயே இருந்தது, உயிரோடு. உட்கார்ந்தால் அவர் கால் இரண்டும் அந்த ஸ்டிக்கருக்கு முன்னால் தொங்கும். மனுஷ உடம்பும் ஒட்டன்சத்திரம் தக்காளி மாதிரிதான், பாதிக்கு மேல் தண்ணீர். அலை உள்ளே போகாது. அவர் எழுந்து போனால் பலகை வாய் திறக்கும். ஆன்டெனாவுக்கு அது போகிற பலகையா, கிடக்கிற பலகையா என்று தெரியாது. பக்கத்தில் யார் பேர் சொன்னாலும் சேர்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் கணக்குப்படி மேஸ்திரி ஏழெட்டு நாளாக அரை டன் நாற்பதாம் நம்பர் நூல் மேல் உட்கார்ந்திருந்தார்.

கால் முறிந்த அன்று சரக்கை வேறு பலகைக்கு மாற்றி, புது ஸ்டிக்கர் ஒட்டினோம். பழைய ஸ்டிக்கரை கம்ப்யூட்டரில் ரத்து செய்ய வேண்டும். அது யார் பொறுப்பு என்று மேனேஜர் கேட்டார். ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். கையெழுத்து என்னுடையது.

1986-ல் ஒன்று குறைந்தது, 2021-ல் ஒன்று கூடியது. மொத்தத்தில் என் சர்வீஸில் கணக்கு நேராகிவிட்டது என்று விடைபெறும்போது சொன்னேன். சிரித்தார்கள். ஆனால் சும்மா சொல்லவில்லை. சில்லு மேல் எனக்குக் கோபம் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்குப் பதினாலு பேரைச் சந்தேகத்தோடு மூட்டை இறக்க வைத்த பென்சிலைவிட அது எவ்வளவோ மேல். அதைக் கேட்டால், தான் யார் என்று சொல்லும். தன் மேலே நூல் இருக்கிறதா, மேஸ்திரி இருக்கிறாரா என்று சொல்லாது. அதைக் கேட்டுவிட்டு இதைத் தெரிந்துகொண்டதாக நாம் நினைத்துக்கொண்டால் அதற்குச் சில்லு என்ன செய்யும்?

அன்றைக்கு அந்த 21-ஐத் தீர்த்து வைத்தது எடைமேடைதான். கப்பல் ஏறும் ஒவ்வொரு சரக்குக் கன்டெய்னருக்கும் சரிபார்த்த எடையை எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று 2016 ஜூலை 1 முதல் உலகத்துக்கே சட்டம். எத்தனை பீப் அடித்தாலும் எடைக்கணக்கு இல்லாத பெட்டியைத் தூத்துக்குடியில் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அதனால் மில் எடைமேடை இன்னும் இருக்கிறது; பக்கத்தில் சீட்டு அடிக்கிற அறையும் இருக்கிறது.

போன பொங்கலுக்கு மில்லுக்குப் போயிருந்தேன். மேஸ்திரி அதே வாசலில்தான் இருக்கிறார். ஏழு கன்டெய்னர் ஏற்றினார்களாம் அந்த வாரம். என்னைப் பார்த்ததும் "வா லாபம்" என்றார். அவருடைய பழைய ஆசனத்தை உடைத்து கேன்டீன் அடுப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மில் சொத்து என்பதால் அதன் முதுகில் ஒரு சில்லு ஒட்டியிருக்கிறது.